பாயிண்டில் கிடைத்த அறை

சங்கரன்கோவில் விசைத்தறிச் சேலைகளுக்குக் கேரளக் கடைகளில் ஆர்டர் பிடிப்பது மகாராஜனின் வேலை. மாதத்தில் பாதி நாள் எர்ணாகுளத்தில் ஒரே ஓட்டலில்தான் தங்குவான். தங்கும் ஒவ்வொரு தடவையும் ஓட்டல்காரர்கள் சலுகையாகப் போட்டுவைத்துச் சேர்ந்த பாயிண்டுகளை ஓணம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்று அவனுடைய செல்போனுக்குச் செய்தி வந்தது.

அந்தப் பாயிண்டுகளுக்குக் காசில்லாமல் அறை எடுக்கலாமாம், வேண்டுமானால் ரொட்டி வாட்டும் மெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளலாமாம். இட்லி தின்னும் வீட்டுக்கு அது எதற்கு என்றாள் அவன் மனைவி ராஜேஸ்வரி. போனை வாங்கித் தேதிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓண விடுமுறையில் அறை வாடகை இரண்டு பங்காக ஏறியிருந்தது. அதே அறைக்குக் கேட்கும் பாயிண்டு மட்டும் ஏறவில்லை. அப்போது எடுப்பதுதான் லாபம் என்றாள்.

மகாராஜனுக்குத் தலை சுற்றியது. “லாபம் சரிதான். லீவு நாள்லயும் நான் அங்கனயே போய்ப் படுக்கணுமாட்டி?”

“நீங்க படுக்கிற எடத்த நான் ஒரு தடவ பாக்க வேண்டாமா?”

தென்காசியில் ரயில் ஏறினார்கள்.

ஓட்டலில் அவன் வாயைத் திறக்குமுன்பே, வரவேற்பில் இருந்த மாலா என்ற பெண் பெயர் சொல்லி வரவேற்று, சாருக்குச் சீனி இல்லாத டீ என்று உள்ளே சொல்லியனுப்பினாள். ராஜேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். வீட்டில் சீனி குறைந்தால் டம்ளரைத் திருப்பி நீட்டுகிறவன் அவன்.

அறைக்குள் போனதும் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினான். செருப்பைச் சுவரோரம் ஜோடியாக விட்டான். குளித்த துண்டை உதறிக் காயப்போட்டான். யாரோ தெரியாதவர் வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“வீட்ல ஈரத் துண்ட மெத்தைல எறியுதிய. இங்கன மட்டும் எப்படி?”

அவனும் துண்டைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே அது தெரிந்தது போலிருந்தது. “தெரியலயேட்டி. அங்கன நீ இருக்கேல்லா” என்றான். அதற்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை.

மத்தியானம் கீழே ஓணச் சாப்பாடு. பரிமாறியவர் எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டு வந்து, மகாராஜன் இலையை மட்டும் தாண்டிப் போனார். ஏன் என்று ராஜேஸ்வரி கேட்டாள். வீட்டு ரசம்போல் இல்லை என்று சார் தொடவே மாட்டார், எப்போதும் அப்படித்தான் என்று அவர் பாதித் தமிழில் சொன்னார்.

கல்யாணமான நாள்முதல் அவளுடைய ரசத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது இலையைப் பார்த்தபடி பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். அவள் தன் இலையில் இருந்த ரசத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“நல்லாத்தான இருக்கு?”

“இருக்கும்” என்றான்.

மறுநாள் மத்தியானம் வரை அறை அவர்களுடையதுதான். ஆனாலும் விடிந்ததும் இருவரும் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். என்ன அவசரம் என்று மாலா கேட்டதற்கு, வீட்டுக்குப் போய் ரசம் வைக்கணும் என்றாள் ராஜேஸ்வரி.