தலைமைப் பயிற்றுநர்

ஸ்டெபனி கறுப்பு மார்க்கரால் நாற்பதாவது மரண அறிவித்தல் தாளிலும் ‘தலைமை’ என்ற சொல்லை வெட்டினாள். மலர்ச்சாலையின் பின்னறை மேசையில் இன்னும் இருநூறு தாள்கள் கிடந்தன. முன்மண்டபத்தில் அப்பா அன்புராசாவின் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சனம் வர அரை மணித்தியாலம் இருந்தது.

மோர்னிங்சைட் பக்கத்துச் சின்னக் கல்லூரி ஒன்றின் உதைபந்தாட்ட அணிக்கு அப்பா தலைமைப் பயிற்றுநராக இருந்தவர்தான். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு பின்னேரம், அந்த வேலை போய்விட்டதென்று தேத்தண்ணீரைக் குடித்தபடி சொன்னார். அதற்குப் பிறகும் சும்மா இருந்தாரா? அதே அணிக்குச் சம்பளமில்லாமல் போய் ஜேர்சி தோய்த்தார், பெடியளை ஏற்றி வான் ஓட்டினார். “வெக்கமா இல்லையோ அப்பா?” என்று அவள் ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டு வான் திறப்பைத் தேடினார்.

அம்மா வேரோனிக்கா அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அறிவித்தலிலும் பழைய பதவியையே போடச் சொல்லிவிட்டாள். இப்போதைய தலைமைப் பயிற்றுநர் டெனிஸ்டன் வரப்போகிறான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மானம் கப்பலேறப் போகிறதே என்று ஸ்டெபனிக்குப் பதைப்பாக இருந்தது.

அவன் சனம் வர முன்னமே வந்துவிட்டான். பின்னறைக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டு மேலே கிடந்த தாளை எடுத்தான்.

“ஏன் இதை வெட்டினனீர்?”

“பிழையா அடிச்சுப்போட்டினம் அண்ணை. இப்ப நீங்கள்தானே ஹெட் கோச்.”

டெனிஸ்டன் தாளைப் பார்த்தபடியே சொன்னான். அப்பாவின் வேலை போன வருடம் கல்லூரி விளையாட்டுக்கான காசைக் குறைத்துவிட்டது. இரண்டு பயிற்றுநர்களில் ஒருவருக்குத்தான் சம்பளம் என்றார்கள். அப்போது அவனுக்கு மகள் பிறந்து நான்கு கிழமை.

“நிப்பாட்ட வேண்டியது உதவிக் கோச்சா இருந்த என்னைத்தான். அங்கிள் ஒபிசுக்குப் போய், அவனை வைச்சிருங்கோ, நான் விலகிறன் எண்டவர். நீர் யூனிவேர்சிற்றி தொடங்கின வருசம். பிள்ளை பீஸை நினைச்சு யோசிக்கும் எண்டு உம்மட்டைச் சொல்ல வேண்டாமெண்டார்.”

“அம்மாவுக்கு?”

“அன்ரிக்குத் தெரியும்.”

ஸ்டெபனிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மார்க்கரை மேசையில் வைத்துவிட்டு முன்மண்டபத்துக்கு நடந்தாள்.

செபமாலை சுற்றிய அப்பாவின் கைகளைத் தொட்டாள். சில்லென்றிருந்தன. போன சனிக்கிழமை ஆட்டத்துக்காக மைதானத்தில் அவர் கோடு போட்ட வெள்ளைப் பெயின்ற், வலது பெருவிரல் நகத்தோரம் இன்னும் ஒட்டியிருந்தது. மலர்ச்சாலைக்காரர் கழுவியும் போகவில்லை. சுரண்டிவிடலாமென்று விரலை வைத்தாள். பிறகு, கையை எடுத்துக்கொண்டாள்.