பேகம்பூரில் மாற்றிய தாளம்

ஊரில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு வாய்க்கொழுப்பாம். நடந்ததை ஒருத்தனாவது முழுசாகக் கேட்டானா என்றால் இல்லை.

எங்கள் மேளத்தில் ஒச்சப்பன் அண்ணன் நாயனம், ராமர் தவில், நான் கைத்தாளம். அகரத்திலிருந்து சாணார்பட்டி வரைக்கும் எங்களுக்குப் பேர் உண்டு. பேர் என்றால் அண்ணன் பேர். பதினாறு வருஷம் அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் நின்று தட்டியிருக்கிறேன். "ஏலே தாளம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. வேகம் பிடித்துவிட்டால் அண்ணன் தலைதெறிக்க ஓடுவார். அவரை இழுத்து நிறுத்துவது என் தாளம்தான். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம், மெட்ராஸ் ரிக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் வந்து எங்கள் வாசிப்பைக் கேட்டார். மதுரையில் மைக் வைத்துப் பதிவு செய்யலாம் என்றார். போகும்போது, "தாளம் ரொம்பக் கீச்சுன்னு இருக்கு. மைக்ல காதைக் கிழிக்கும். கனத்த குரல்ல, அடங்கின சத்தமா ஒண்ணு கொண்டு வாங்க. இல்லேன்னா தாளமே வேண்டாம்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணன் என்னிடம், "நீ வீட்டுல கெட. தவிலு போதும்" என்றார். வேற தாளம் தேடிப் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் கொண்டாந்தா?"

"கொண்டா, பாப்பம்."

மறுநாளே பேகம்பூரில் ஜமால் முகமது பாயின் பழைய வெண்கலக் கடைக்குப் போனேன். தட்டுகிறவன் காதுக்கு எந்தத் தாளமும் இனிக்கும். அதனால் பாயைத் தட்டச் சொல்லிவிட்டு, நான் எதிர்ச்சாரியில் போய் நின்றேன்.

"அண்டா மூடியத் தட்டுற மாதிரி தட்டாதீக பாய். ஓரம் மட்டும் படட்டும்."

பதினோரு ஜோடி தட்டினார். ஒன்று பள்ளிக்கூட மணி மாதிரி கத்தியது, ஒன்று ஓட்டைப் பானை. பன்னிரண்டாவது ஜோடி தடிமனாக, களிம்பு பிடித்துக் கிடந்தது. தட்டினார். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆள் நிதானமாகப் பேசின மாதிரி இருந்தது. தெருவைத் தாண்டி வந்தது, ஆனால் காதைக் குத்தவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி காதர் பீவி, "இது ஒண்ணுதான் தலைவலி குடுக்கல. இதையே குடுத்து அவர அனுப்பிவிடுங்க" என்றார்.

என் ஜோடியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டேன். பாய் நல்ல மனுஷர், எச்சரித்தார்.

"இது ரூமுக்குள்ள கேக்கும் அப்பு. திருவிழாக் கூட்டத்துல ஒனக்கே கேக்காது. யோசிச்சுக்க."

இருந்த கோபத்தில் எங்கே யோசிக்க.

மதுரையில் கம்பெனிக்காரர் என் தாளத்தைக் கேட்டதும், "இதுதான் நான் கேட்டது" என்றார். ஒரு தடவை வாசித்தோம். பதிவானதை உடனே போட்டுக் காட்டினார். அதில் தாளம் அசையாமல் நின்றது, நாயனம் ஓடியது. நன்றாகவே கேட்டது.

"வித்வான், தாளம் சரியா நிக்குது. நீங்கதான் முந்திப் போறீங்க" என்றார் அவர்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "தாளக்காரன் பின்னால நான் போகணுமா? ஏலே, வெளிய நில்லு. இது இல்லாமலே எடுப்போம்" என்றார். பன்னிரண்டு ஜோடி தட்டச் சொல்லித் தேடிக் கொண்டுவந்தவனை, செருப்பு கிடக்கும் இடத்தில் நிறுத்தினார்.

நின்றேன். உள்ளே மூன்று தடவை வாசித்தார்கள். மூன்று தடவையும் முடிக்கிற இடத்தில் நாயனம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம். கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "தாளக்காரரைக் கூப்பிடுங்க, இல்லேன்னா மூட்டை கட்டுவோம்" என்றது எனக்குக் கேட்டது.

அண்ணன் வாசலுக்கு வந்தார். "ஏலே தாளம், உள்ள வா."

"எம் பேரு என்னன்னு அவருகிட்டச் சொல்லுங்க. ரிக்கார்டுல போடட்டும். அப்புறம் வாரேன்."

"மலைச்சாமி" என்றார், வாய்க்குள்ளேயே.

"உள்ள கேக்கலண்ணே."

திரும்பி நின்று சத்தமாகச் சொன்னார். கம்பெனிக்காரர் எழுதுவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன். அடுத்த வாசிப்பே சரியாக வந்தது. ரிக்கார்டில் என் பேர் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மாசித் திருவிழாவுக்கு அண்ணன் வேறு ஆளை வைத்துக்கொண்டார். மற்ற மேளங்களில் கேட்டேன். தெருவில் எடுபடாத தாளத்தை யார் சேர்ப்பார்கள்? பாய் என் பழைய ஜோடியை விற்றுவிட்டார். இப்போது வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறேன்.

போன வாரம் ராமர் மண்டிக்கு வந்தான். அண்ணன் காலில் விழுந்தால் சேர்த்துக்கொள்வாராம், தாளமும் அவரே வாங்கித் தருவாராம்.

"நீயும் அவரும் தாளம் இல்லாம ஒரே ஒரு பாட்ட ஒழுங்கா முடிச்சுட்டு வாங்க. விழுறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.