இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்

அம்மா கன்னம் உப்ப ஊதுகிறாள், ஈயக் குழாயின் அடிநுனியை வாயில் வைத்து, ஊதியபின் கண்ணை மூடிக்கொள்கிறாள், வேதக்கோயில் தரையில் பாய் விரித்து இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் படுத்திருக்கின்றன, எல்லாவற்றிலும் புளி வாசனை, ஞாயிறு ஆர்கன் பிரதிஷ்டை, இன்று வெள்ளி, தப்பு என்னுடையது.

நூறு வருடம் முன்பு ஒரு எஸ்டேட் துரை இந்த ஆர்கனைக் கப்பலில் வரவழைத்து, கோவேறு கழுதைகளின் முதுகில் மலைக்கு ஏற்றினாராம், ஒரு குழாய்கூட நசுங்கவில்லையாம், எஸ்டேட் மூடி மலைக்கோயிலும் பூட்டப்பட்ட பிறகு அதை எங்கள் ஊர்ச் சபைக்கு இறக்கிக்கொண்டு வந்தது நானும் என் கல்லூரி நண்பர்களும், கழுதைகளின் நற்பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு இருந்தது, ஒவ்வொரு குழாயிலும் அதன் இடத்துக்கான எண்ணை எழுதினேன், சாக்பீஸால், லாரியில் அவற்றைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறேன், மலை வளைவுகளில் காற்று புகுந்து ஒன்று முனகுகிறது, அப்பா தொண்டையைச் செருமுவது போல, மலைக்கோயிலில் முப்பது வருடம் ஆர்கன் வாசித்தவர் அப்பாதான், இறந்து இரண்டு வருடம் ஆகிறது, அம்மா அதன் பின்னால், மரத்தடுப்புக்குள் நின்று, துருத்தியை அழுத்தி அழுத்திக் காற்று கொடுப்பாள், சபையார் அவரைப் பார்த்தார்கள், அவளுடைய முழங்கையைக்கூட யாரும் பார்த்ததில்லை.

விசேஷத்துக்கு முன் கோயிலின் பித்தளைச் சாமான்களைப் புளி போட்டு விளக்குவது எங்கள் பெண்கள் சங்கத்தின் வழக்கம், புதிதாக வந்த விருந்தாளியை மட்டும் அழுக்கோடு விடுவார்களா, நான் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் குழாய்கள் வெயிலில் பளபளவென்று காய்கின்றன, ஒரு எண்ணும் இல்லை, சங்கத் தலைவி லில்லிபுஷ்பம் அக்கா பெருமையாகக் கேட்டாள், என்ன தம்பி, மொகம் தெரியுதா, தெரிந்தது, வெளுத்துப்போயிருந்தது.

போதகர் நிதானமாகச் சொன்னார், ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆர்கன் பாடலன்னா கீபோர்டு வச்சுக்கிடுவோம் தம்பி, குழாயெல்லாம் செவுத்துல அழகுக்கு மாட்டிருவோம், வீட்டுச் சுவரில் அப்பா ஏற்கெனவே மாலையோடு தொங்குகிறார், அவருடைய சத்தத்தையுமா மாட்டுவார்கள், அவர் போனதிலிருந்து ஆர்கன் பேச்சையே எடுக்காத அம்மாவிடம் போய்ச் சொன்னேன், என்னலே செஞ்சு வச்சிருக்க என்றாள், முந்தானையை இழுத்துச் செருகினாள்.

இப்போது ஊதுகிறாள், இது திருவிருந்துப் பாட்டுல ரெண்டாவது அடியில வரும், இங்க வை, இது சளி பிடிச்ச மாதிரி இருக்கும், உங்கப்பாவுக்கு இதக் கண்டாலே ஆகாது, அங்க வை, நான் ஆணியால் எண்ணைக் கீறுகிறேன், பெரிய குழாய்களுக்கு அவள் மூச்சு எட்டவில்லை, யம்மா நான் ஊதுறேன், மெதுவா ஊதுலே, பலூனா அது, நான் ஊத, அவள் கேட்க, வெள்ளி சனியாகிறது, ஞாயிறாகிறது.

துருத்திக்கு இப்போது மோட்டார், பழக்கத்தில் பின்பக்கம் போனவளைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்தேன், பக்கத்து ஊர் டீச்சர் வாசிக்க ஆரம்பித்தார், குழாய்கள் பாடின, அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், ஏலே, பின்னால நின்னா ஒவ்வொண்ணும் தனித்தனியா கத்துறதுதான் கேக்கும், பாட்டா சேந்து நான் கேட்டதே இல்ல, உங்கப்பா இவ்வளவு நல்லாவா வாசிச்சாரு, ஆமாம்மா என்றேன், அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், விடவில்லை.