வேம்பு எழுதிய நாற்பது பதில்கள்

பயப்படுவதற்கென்று ஒரு காரணம் வேம்புவுக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை. காஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்ப்பாள். நாலாவது முறையும் வந்தால் பைத்தியம் என்பார்களே என்று வாசலிலேயே நின்று மோந்து பார்ப்பாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷம் பிந்திவிட்டால், அந்தப் பத்து நிமிஷத்துக்குள் லாரி, நாய், கிணறு எல்லாம் அவள் மனசில் வந்து போய்விடும்.

அவள் கணவன் முத்தமிழ்செல்வன் ஒரு சிமெண்டுக் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பவன். இந்த ஜோடியைச் சேர்த்தபோது ஆண்டவன் பயம் மொத்தத்தையும் ஒரே பக்கம் கொட்டிவிட்டான் போலிருக்கிறது. ஒருநாள் அவர்கள் வீட்டுக் குளியலறையில் சாரைப்பாம்பு புகுந்தது. செந்துறையில் அந்தத் தெருவே கூடி நின்று கத்தியது. அவன் உள்ளே போய்ச் சாவகாசமாகக் குளித்துவிட்டு, அப்புறம் பாம்பை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

துக்கத்திலும் அப்படித்தான். பெற்ற தாய் இறந்த அன்று பந்தல்காரனுக்குப் போன் போட்டான். வந்தவர்களுக்கெல்லாம் டீ கிடைத்ததா என்று விசாரித்தான். கொள்ளி வைத்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவன் பங்கையும் சேர்த்து வேம்புதான் அழுதாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"உன் வூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஒண்ணுமே கெடையாதுடி. சினிமாவுல காட்டுறானுவளே சைக்கோ, அந்த மாதிரி."

வேம்பு அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்த வார்த்தை மட்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கணவனிடமே கேட்டாள். "ஏங்க, நான் செத்துட்டா அழுவீங்களா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "தெரியல வேம்பு. அப்பத்தானே தெரியும்" என்றான்.

ஒரு பொய் சொன்னால்தான் என்ன குறைந்துவிடும்? அடுத்த எட்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவனுக்கு ரசம் ஊற்றினாள். அவன் அதையும் கவனிக்கவில்லை.

தினமும் மதியம் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது செந்துறையில் அவள் வீட்டு ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அந்த நேரத்துக்குத் தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். அப்புறம் அவன் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவள் தைப்பது எதுவும் உருப்படாது. ஒரு மத்தியானம் ரவிக்கையின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்தாள். இப்படிப் பதினாலு வருஷம். அவனிடம் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. பயத்தை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

இந்த நிலையில்தான் அந்தப் படிவம் வந்தது. அவனுக்குப் போர்மேன் பதவி கொடுப்பதாகக் கம்பெனியில் பேச்சு. அதற்கு முன்னால் மனசைப் பரிசோதிக்க வேண்டுமாம். நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை அவன் ஒன்று நிரப்ப வேண்டும். அவனைப் பற்றி வீட்டு ஆள் ஒன்று நிரப்பி, உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். படிவத்தை நீட்டியபோது அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. மூணு வருஷமாக அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதவி. அவன் ஆசைப்பட்டு வேம்பு பார்த்ததே அந்த ஒன்றுதான்.

போர்மேன் ஆனால் ஓய்வு பெறும்வரை வெடிக்குழிதான். பரிசோதனையில் தேறாவிட்டால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். மேலே ஃபேன், சுற்றிலும் சுவர்.

முதல் பத்துக் கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடியே எழுதினாள். பதினோராவது கேள்வி: 'தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவாரா?' அவன் படுத்தால் மரக்கட்டை. வேம்பு சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு 'அடிக்கடி' என்பதில் டிக் அடித்தாள். கை நடுங்குமா? அடிக்கடி. நெஞ்சு படபடக்குமா? அடிக்கடி. ஆபத்து வரப்போவதாகத் தோன்றுமா? தினமும், என்று பக்கத்தில் தனியாகவே எழுதினாள். எதற்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவள் உடம்பிலேயே இருந்தது. முப்பது பதில்களில் தன்னைத் தூக்கி அப்படியே அவன் பெயரில் வைத்தாள்.

உறையை ஒட்டும்போதுதான் கவனித்தாள். புருஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறாள், அவள் கை நடுங்கவே இல்லை. நெஞ்சில் ஒன்றுமில்லாத ஆள் இந்த வீட்டில் யார் என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரையும் அரியலூருக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அவன் நிதானமாக இரண்டு போண்டா சாப்பிட்டான். அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பரிசோதிக்க வந்திருந்தவள் சத்யப்பிரியா என்ற சின்ன வயது டாக்டர், திருச்சிக்காரி. மேஜைமேல் இரண்டு படிவங்களும் இருந்தன.

"ரெண்டும் ஒரே ஆளைப் பத்தி எழுதின மாதிரி இல்லையே" என்றாள். "அம்மா, நீங்க எழுதினதை அவருக்குக் காட்டட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வேம்புவுக்குத் தைரியம் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள்.

முத்தமிழ்செல்வன் படிவத்தை வாங்கி, சுரங்கத்தில் வெடிக்கான கணக்கைச் சரிபார்க்கிற அதே நிதானத்தோடு, வரிவரியாக விரலை வைத்துப் படித்தான். கடைசிவரை போய், மறுபடி பதினோராவது கேள்விக்கு வந்தான். மனைவியை ஒருதரம் பார்த்தான். படிவத்தை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அவ எழுதினதுதாங்க மேடம் சரி. நான்தான் மறைச்சுட்டேன்."

சொன்னபோது கண் இமைகூட ஆடவில்லை. அவனுக்கு இப்படிப் பொய் சொல்ல வரும் என்று வேம்புவுக்கு அன்றுவரை தெரியாது. மூணு வருஷ ஆசையை, போண்டா சாப்பிட்ட தாளைப் போடுகிற மாதிரிப் போட்டுவிட்டானே.

"இல்லைங்க டாக்டரம்மா, அதெல்லாம் பொய்" என்றாள். "அது என்னைப் பத்தி எழுதுனதுங்க. பதினாலு வருஷமா ராத்திரி முழிச்சிக்கிறது நான், கை நடுங்குறது எனக்கு. இவரை அந்தக் குழியிலேருந்து எடுத்துடலாம்னு பண்ணிட்டேன். இவருக்கு ஒண்ணும் கெடையாதுங்க. பயமே கெடையாது."

டாக்டர் அவனைப் பார்த்தாள். "பின்னே நீங்க ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"இவ இவ்வளவு பயந்துக்கிட்டு இருந்திருக்கான்னு இப்பத்தாங்க மேடம் எனக்குத் தெரியும்" என்றான். "டிக் அடிச்சிருந்ததைப் படிச்சதும் இதெல்லாம் அவளுக்குத்தான்னு புரிஞ்சிடுச்சு. அப்பறம் போர்மேன் என்னாத்துக்கு?"

டாக்டர் பேனாவை மூடிவைத்தாள். "உங்க வீட்டுக்காரரை யாராவது நெஞ்சில ஈரமில்லாதவர்னு சொல்லியிருப்பாங்களே?" என்று வேம்புவைக் கேட்டாள். வேம்புவுக்கு ரத்தினம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. "பயமில்லாதது வேற, ஈரமில்லாதது வேறம்மா. ரெண்டும் ஒண்ணா சேர்ந்த ஆளுங்களும் உண்டு, அவங்களை நான் வெடி பக்கமே விடமாட்டேன். இவருக்கு முதல்ல சொன்னது மட்டும்தான். வேலைக்குத் தகுதின்னு எழுதிடுவேன். போறதும் போகாததும் நீங்க பேசிக்க வேண்டியது. ஆனா நீங்க ஒருதரம் தனியா வந்து என்னைப் பாருங்க. பதினாலு வருஷம் ரொம்ப ஜாஸ்தி."

வெளியே வந்து ஒரு வேப்பமர நிழலில் நின்றார்கள். வெயிலில் கண் கூசியது.

"ஸ்டோருக்கே போறேன்னு எழுதிக் குடுத்துடவா?" என்றான்.

பதினாலு வருஷமாக அவள் வேண்டாத சாமி இல்லை. கேட்டது இப்போது கைக்கு வந்துவிட்டது. ஃபேனையும் நாலு சுவரையும் மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தாள்.

"அங்க மூட்டை எவ்வளவு உசரத்துக்கு அடுக்கி வச்சிருப்பாங்க?"

"பத்துப் பன்னெண்டு அடி இருக்கும்."

"சரிஞ்சு மேல விழுந்துட்டா?"

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்கே தான் கேட்டது விளங்கிவிட்டது. முதலில் அவள்தான் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் அது சிரிப்பாக இல்லை. அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினான்.

"அப்ப நான் எங்க இருந்தாலும் உனக்குப் பயந்தானா?"

"ஆமாங்க. நீங்க போர்மேனாவே போங்க. நான் அந்த டாக்டரம்மாகிட்டப் போறேன்."

"நானும் வரேன்" என்றான். துண்டைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "ஏன் வேம்பு இத்தனை நாளா ஒருதரம்கூட எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கவேயில்லையே."

"எனக்குத் தானாத் தெரியாது வேம்பு. மத்தவங்களுக்கு மூஞ்சியப் பாத்தாத் தெரியுதாம், எனக்குத் தெரிய மாட்டேங்குது. நீ சொன்னாத்தான் உண்டு." அவன் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் இதைச் சொல்ல அவன் கஷ்டப்பட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. இந்த மனுஷனையா நாம் இத்தனை வருஷம் கல் என்று நினைத்து அழுதோம் என்று அவளுக்கு அவன்மேல் ஆசையாக வந்தது.

செந்துறை பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் அவன் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"சரி, சொல்லு. என்னென்னத்துக்குப் பயம்?"

"இப்பவா? பஸ்ஸுலயா?"

"ஆமா. மொதல்லேருந்து சொல்லு."

வேம்பு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, காஸ் அடுப்பிலிருந்து ஆரம்பித்தாள். செந்துறையில் கண்டக்டர் இறங்கச் சொன்னபோது அவர்கள் பேச்சு இன்னும் கல்யாணமான முதல் வருஷத்தைத் தாண்டியிருக்கவில்லை.