விக்கியின் முன்சக்கரம்

ஆதிலுக்குக் கச்சேரி ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவனுடைய கைவேலை. சர்க்கரை எட்டிப்பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன வருஷம் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தவன், ஆறு வருஷமாக விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெசன்ட் நகர் கடற்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். கோவளம் வரை போய்த் திரும்புவார்கள். ரோடு பைக் விஷயத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஆதிலைத்தான் கேட்பார்கள். எந்த டயர், எவ்வளவு காற்று, எந்த பிரேக் கட்டை என்று கேட்டால் அவன் சொல்வதுதான் முடிவு.

விக்கி அந்தக் கூட்டத்தில் பிற்பாடு வந்து சேர்ந்தவன். சைதாப்பேட்டையில் ஆற்றோரமாகப் பிறந்து வளர்ந்தவன். வீடுகளை இடித்தபோது குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை மட்டும் ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு லேத் பட்டறையில், பழையபடியே இருந்தது. போக வர முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. பஸ்ஸை நம்பினால் பாதி நாள் தாமதமாகிறது என்று யாரோ விற்ற ஒரு பழைய ரோடு பைக்கை வாங்கி, அதிலேயே தினமும் போய் வந்தான். மற்றவர்களுக்குச் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும். அவனுக்கு அது பிழைப்புக்கான வண்டி.

ஜனவரியில் ஆதில் புது வீல் வாங்கினான். கழற்றிய பழைய ஜோடி வெளிநாட்டுச் சரக்கு, எடை குறைவு. விக்கி அதை ரொம்ப நாளாகக் கண்ணால் தடவிக்கொண்டிருந்தான். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டான் என்று தெரிந்து, பேருக்கு ஒரு தொகை சொல்லிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டான் ஆதில்.

கொடுப்பதற்கு முதல் நாள், துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ரிம்மைத் துடைத்தான். துடைக்கும்போது கட்டைவிரல் முன்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பிரேக் கட்டை வருஷக்கணக்காக உரசி, அலுமினியச் சுவர் உள்வாங்கியிருந்தது. தேய்மானம் தெரிவதற்காக ரிம்மில் ஒரு சின்னப் புள்ளிக்குழி வைத்திருப்பார்கள். சக்கரத்தை முழுச் சுற்று சுற்றிப் பார்த்தான். குழி இருந்த இடமே தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மறுநாள் விக்கி வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "நல்ல வீல்டா, கண்ண மூடிக்கினு ஓட்டு" என்றான்.

மூன்று மாதம் ஓடியது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும் வழியில் திருவான்மியூரைத் தாண்டி வரும்போது முன்னால் போன ஆட்டோ இடப்பக்கம் ஒதுங்கியது. விக்கி பிரேக் பிடித்தான். பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். முன்சக்கரம் அப்படியே நின்றுவிட, அவன் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துபோய் விழுந்தான்.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. காறையெலும்பும் போயிற்று. தகடு வைத்துக் கட்டினார்கள். மூன்று மாதம் லேத் பக்கம் போகக்கூடாது என்றார்கள்.

சாலையில் குழி இருந்தது என்றார்கள் கூட்டத்தில் சிலர். அன்று காற்று அதிகமாக அடித்துவிட்டேன் என்று விக்கியே சொன்னான். ஆனால் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு சைக்கிளைத் தூக்கியது ஆதில்தான். ரிம்மின் சுவர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து வெளிப்பக்கம் மடங்கியிருந்ததை அவன் பார்த்தான். பழுது பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி, தன் வீட்டு மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் தார்ப்பாய் போட்டு மூடினான்.

அன்று மாலை ஆஸ்பத்திரி நடையில் விக்கியின் மனைவி தேவானை நின்றிருந்தாள். தி. நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். கடை யூனிஃபார்ம் புடவையோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். "வேகமாப் போவாதன்னு தெனமும் சொல்றேண்ணா, என் பேச்சு எடுபடல. நீங்களாவது சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றான் ஆதில்.

அதற்குப் பிறகு பழம் வாங்கிக்கொண்டு இரண்டு முறை போனான். விக்கி இடது கையால் சோறு அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தேவானை ஊட்ட வந்தால் விக்கி வேண்டாம் என்பான். அவள், வேகத்தைக் குறைத்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காதே என்று ஆரம்பிப்பாள். விக்கி தலையைக் குனிந்துகொள்வான். மூன்றாவது முறை போக ஆதிலுக்குக் கால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டமும் நின்றது. முழங்கால் வலி என்று சொல்லிவைத்தான்.

அவன் மனைவி ரூஹிக்கு முழங்கால் கதை செல்லுபடியாகவில்லை. ஒருநாள் கடையை மூடும் நேரத்தில் அவள் நேராகக் கேட்டபோது, மண்ணெண்ணெய்த் துணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கல்லாவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள்.

ஜூலையில் விக்கி போன் செய்தான். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். பட்டறையில் மறுபடி சேர்ந்தாயிற்று, பஸ்ஸில் போய்க் கட்டுப்படியாகவில்லை, புது வீலும் டயரும் வாங்க வேண்டும் என்றான். "ரொம்ப காஸ்ட்லியா வாணாம் பாய். நீ வந்து பாத்து எடுத்துக்குடு. நீ வந்தாத்தான் கரீட்டா இருக்கும்."

ஒரு செவ்வாய்க்கிழமை, ரூஹியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, பிளந்த சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சைக்கிளை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குப் போனான் ஆதில். சந்துக்குள் இருந்த சைக்கிள் கடை. உரிமையாளர் பஞ்சாட்சரமே மெக்கானிக்கும். விக்கி முன்னமே வந்து வாசலில் நின்றிருந்தான். வலது மணிக்கட்டில் தையல் தழும்பு நீளமாகத் தெரிந்தது.

பஞ்சாட்சரம் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தார். முதலாவது கறுப்பாக, ரிம் அகலமாக, பந்தயச் சைக்கிள் போல ஸ்டிக்கர் ஒட்டியது. பார்க்கத்தான் அழகு, எடையும் அதிகம், திறந்த ரோட்டில் குறுக்குக் காற்று அடித்தால் வண்டியை இழுக்கும் என்று அவரே சொன்னார். இரண்டாவது மெல்லியது, கம்பிகள் குறைவு, விலை விக்கி எடுத்துவந்த தொகையைப் போல இரண்டு மடங்கு. மூன்றாவது சாதாரண வெள்ளி நிறம், ஒரு சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி.

ஆதில் இரண்டாவதைக் காட்டினான். மேற்கொண்டு ஆவதைத் தான் போட்டுக்கொள்வதாகச் சொன்னான். விக்கி தலையாட்டி மறுத்தான். தன் வண்டிக்குத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.

"தெனம் ஓட்டுற வண்டிக்குக் கம்பி ஜாஸ்தியா இருக்குறது நல்லது தம்பி" என்றார் பஞ்சாட்சரம். "ஒண்ணு ஒடைஞ்சாலும் வீடு போய்ச் சேரலாம். எந்தக் கடையிலயும் மாத்திக்கலாம்."

விக்கி மூன்றாவது ஜோடியின் முன்சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். லேத்தில் கடைந்த சாமானைத் தடவிப் பார்ப்பது போல ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டினான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது இன்னாண்ணா, சின்னதா குழி கீது? டிஃபெக்ட்டா?"

பஞ்சாட்சரம் சிரித்தார். பிரேக் பிடிக்கப் பிடிக்க ரிம் தேயும், குழியின் ஆழமும் குறையும், அது மறைந்துபோனால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த ரிம்மைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று விளக்கினார். மீறி ஓட்டினால் காற்றின் அழுத்தம் தாங்காமல் சுவர் பிளக்கும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும் என்றார். விக்கி விழுந்த கதை தெரியாமல்தான் சொன்னார்.

விக்கி விரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. "பாய், நீ குடுத்ததுல இது இருந்துச்சா?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை என்பது ஆதிலுக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்தக் கம்பெனிக்காரர்கள் குழி வைப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பியிருப்பான். அந்த வார்த்தை ஆதிலின் நாக்கு வரைக்கும் வந்தது.

"இருந்துச்சு. தேஞ்சு மறைஞ்சு போச்சு. உனக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி நாள் தொடைக்கும்போதே பாத்தேன்" என்றான். "பாத்துட்டுத்தான் குடுத்தேன் விக்கி."

பஞ்சாட்சரம் எழுந்து கடைக்குள் எதையோ தேடப் போனார். தெருவில் ஒரு தண்ணீர் லாரி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எவ்ளோ தடிமன் இருந்துச்சு?" என்று கேட்டான் விக்கி.

"அளக்கல."

"உன் கடையில அளக்குற வெர்னியர் கீதுல்ல."

"இருக்கு. அளக்கல."

விக்கி சக்கரத்தை அச்சில் பிடித்து ஒரு சுற்று விட்டான். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ சொல்லிருந்தாலும் நான் வாங்கிருப்பேன் பாய். பொறுமையா ஓட்டிக்கினு, ரெண்டு மாசத்துல ரிம்ம மட்டும் மாத்திருப்பேன்" என்றான். குரல் உயரவில்லை. ஆதில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். விக்கி கேட்காதது போல எழுந்து உள்ளே போய்விட்டான்.

அதன் பிறகு விக்கி எதற்கும் ஆதிலின் முகத்தைப் பார்க்கவில்லை. டயரையும் பஞ்சாட்சரத்திடமே கேட்டு எடுத்தான். இருபத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர்தான் போட வேண்டும் என்று நினைத்திருந்தான். பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று அவர் அளந்துபார்த்து, இருபத்தெட்டே போகும், ரோட்டுக் குலுக்கல் மணிக்கட்டுக்கு ஏறாது என்றார். மடித்துவைக்கிற விலை உயர்ந்த டயர் வேண்டாம், ஓரத்தில் கம்பி வைத்ததே போதும், ஆனால் பஞ்சரைத் தடுக்கும் பட்டை உள்ளே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எவ்வளவு காற்று என்பதையும் கேட்டு போனில் எழுதிக்கொண்டான்.

முன்டயரைத் தானே மாட்டுகிறேன் என்று உட்கார்ந்தான். கடைசி ஒரு சாண் மட்டும் ரிம்முக்குள் இறங்கவில்லை. வலது கையால் அழுத்தும்போது உதட்டைக் கடித்தான். ஆதில் பக்கத்தில் குனிந்தான்.

"வாணா பாய்" என்றான் விக்கி.

பஞ்சாட்சரம் வந்து கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தி உள்ளே தள்ளினார். பணத்தை விக்கி கொடுத்தான். ஆதிலின் கை சட்டைப்பைக்குப் போன இடத்திலேயே நின்றது.

வெளியே வந்ததும் விக்கி சொன்னான்: "தேவானைக்கு இன்னிக்கு லீவு. நீயே வந்து அவகிட்ட சொல்லு. நான் சொன்னா, தப்பிச்சிக்கச் சொல்றேன்னு நெனைப்பா."

காரின் பின்சீட்டில் சைக்கிளைப் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பெரும்பாக்கம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடியையும் விக்கி சைக்கிளை இடது தோளில் தூக்கிக்கொண்டே ஏறினான்.

தேவானை தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆதிலைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். எதையும் குறைக்கவில்லை. அவள் வேலை செய்கிற கடையில் கிழிசலை மடித்து வைத்துப் புடவை விற்பது மாதிரி என்று சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் வரவில்லை. நான் பார்த்தேன், தெரிந்தே கொடுத்தேன், விழுந்தது அவன் தப்பில்லை என்று மட்டும் சொன்னான்.

தேவானை கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரில உங்ககிட்டத்தானே சொன்னேன். இவருக்குப் புத்தி சொல்லுங்கன்னு."

"ஆமாம்மா."

"சொல்றேன்னீங்க."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமா நான் உன்னத் திட்டாத நாளு இல்ல. ஒரு வார்த்த திருப்பிப் பேசல நீ."

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்?" என்றான் விக்கி. "நானும் என் தப்புன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அவள் அவனருகில் போய், தழும்பு இருந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் அவள் கால் பட்டுச் சரிந்தது. யாரும் எடுத்து நிறுத்தவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கெளம்புங்கண்ணா. இன்னிக்கு என்னால உங்ககிட்ட எதுவும் பேச முடியாது" என்றாள். ஆதில் படியிறங்கினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடற்கரைக்குப் போய்க் கூட்டத்திடமும் சொன்னான். இதையெல்லாம் எதற்குச் சபையில் சொல்கிறாய் என்றார் ஒரு வங்கி அதிகாரி. வேறு ஒருவர் அன்றிலிருந்து அவனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். டயர், வீல் என்று அவனிடம் கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். அதை அவன் எதிர்பார்த்தேதான் இருந்தான். ஆனாலும் அது நடந்தபோது வலித்தது.

விக்கி தினமும் பட்டறைக்கு அந்தச் சைக்கிளில்தான் போகிறான் என்று யாரோ சொல்லி ஆதில் கேள்விப்பட்டான். இரண்டு முறை போன் செய்தான், விக்கி எடுக்கவில்லை. மூன்றாவது முறை செய்யவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட காலையில், விக்கி வந்து சேர்ந்தான். எல்லாரிடமும் போலவே ஆதிலிடமும் தலையசைத்தான். கோவளத்தில் தள்ளி நின்று டீ குடித்தான். திரும்பும்போது திருவான்மியூர் சிக்னலில் இருவர் வண்டியும் அக்கம்பக்கமாக நின்றன. விக்கி முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "தேவானை கேட்டா, உன் ஊட்ல எல்லாரும் எப்பிடி கீறாங்கன்னு" என்றான்.

"நல்லா இருக்காங்க" என்றான் ஆதில். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடுவதற்குள் பச்சை விழுந்தது. விக்கி மிதித்துக்கொண்டு போனான். ஆதில் அவன் பின்னாலேயே ஓட்டினான்.