ஐந்தாம் வீட்டுப் பங்கு

தீவைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: சொர்க்கம். சொன்னவர்களில் ஒருவரும் அங்கே போனதில்லை என்பதுதான் விசேஷம். மழைமானி நிலையங்களைச் சோதித்துவரும் இன்ஸ்பெக்டரம்மா, படகில் பதினாறு மணி நேரம் குடலைப் பிடுங்க வாந்தியெடுத்துவிட்டு, ஒரு மாலையில் போய் இறங்கினாள். சொன்னது பொய்யில்லை. மணல் அப்படி ஒரு வெள்ளை. முழங்கால் ஆழத் தண்ணீரில் நீலக் கோடு போட்ட மீன்கள் பயமே இல்லாமல் அவள் காலைச் சுற்றி வந்தன. தென்னைகளுக்கு அப்பால் நான்கு வீடுகள், ஏழு பேர். கடை கிடையாது, சத்தம் கிடையாது, ஒரு பிளாஸ்டிக் உறைகூடக் கண்ணில் படவில்லை. ஐம்பத்தாறு வயதில், இரண்டு முட்டியிலும் வலியோடு, அவளுக்கு அந்தச் சொர்க்கத்தில் வேண்டியிருந்ததெல்லாம் ஒரு நாற்காலி.

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர். அவள் போய்வந்த நிலையத்துக்குப் பூட்டு விழும் என்பதால் வைத்த பெயர். இதுவரை பதினான்கு. அவளுக்கு யார் மேலும் வன்மம் இல்லை, அலுப்புதான். கணக்கில் தப்பு இருந்தால் விதிப்படி இரண்டு வழி உண்டு. நிலையத்தை மூடலாம். அல்லது, சோதிக்க வந்தவரே முப்பது நாள் அங்கே தங்கித் தன் கையால் மழையை அளந்து, பழைய கணக்கைத் திருத்தி, நிலையத்தைக் காப்பாற்றலாம். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் இரண்டாவது வழியில் போன ஒரு ஆளை அவள் பார்த்ததில்லை. கண்ணாடியிலும் பார்த்ததில்லை.

இந்தத் தீவின் மேல் என்ன சந்தேகம் என்றால், சுற்றுவட்டாரத் தீவுகளில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு மழை இங்கே மட்டும் ஆறு வருஷமாகப் பெய்துகொண்டிருந்தது. "அந்த ஆளு வீட்ல உக்காந்துட்டு வாய்க்கு வந்த நம்பரை எழுதறான். போய்ப் பாத்து முடிச்சுட்டு வந்துருங்க" என்றார் மேலதிகாரி. முடிப்பது என்றால் மூடுவது. மாதம் ஒரு தடவை அரிசியும் மருந்தும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு வரும் படகு, அந்த நிலையம் இருப்பதால்தான் வருகிறது. நிலையம் போனால் படகு போகும், படகு போனால் தீவு காலி. அதெல்லாம் மேலதிகாரிக்கும் தெரியும், பூட்டம்மாவுக்கும் தெரியும். படகு மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும். அதற்குள் வேலையை முடித்து வீட்டுக்குப் போய்த் தன் கட்டிலில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனசில் வேறெதுவும் இல்லை.

மழை அளப்பவரைத் தீவில் மழைக்காரர் என்று கூப்பிட்டார்கள். எலும்பும் தோலுமான மனிதர், பேச்சில் மட்டும் குறை வைக்காதவர். அவருக்கென்று இன்ஸ்பெக்டரம்மா ஒரு கடிதமும் கொண்டுவந்திருந்தாள். குடிநீருக்கு ஒரு பெரிய தொட்டி கேட்டுத் தீவுக்காரர்கள் வருஷா வருஷம் மனு போடுவார்கள். இது ஆறாவது மனுவுக்கு வந்த ஆறாவது மறுப்பு. கரையிலேயே பிரித்துப் படித்தார்.

"போதிய மழை பெய்வதால் தொட்டி அவசியமில்லையாம்!" என்று சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "இங்க தோண்டினா உப்புத் தண்ணி. கூரையில விழறதைப் பிடிச்சுக் குடிச்சாத்தான் உண்டு. நான் குளிச்சு நாலு நாளாச்சு மேடம். கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."

"அந்த மழைக் கணக்கு நீங்க எழுதறதுதானே?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பாட்டில்ல இருக்கறதைத்தான் எழுதறேன். ஒரு சொட்டு கூட்டினதில்ல, குறைச்சதில்ல. எங்க அண்ணி மேல சத்தியமா."

பதினான்கு பேர் அவளிடம் இப்படிச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அவள் தலையாட்டிவிட்டு, எங்கே படுப்பது என்று கேட்டாள்.

அந்த அண்ணி வீட்டில்தான் இடம் போட்டிருந்தார்கள். மழைக்காரரின் அண்ணன் மனைவி, கணவனை இழந்தவள். ஊருக்கெல்லாம் பங்கக்கா. மழை பெய்ததும் நான்கு வீட்டுப் பீப்பாய்களையும் பார்த்து, நிறைய விழுந்த வீட்டிலிருந்து எடுத்துக் குறைய விழுந்த வீட்டில் ஊற்றிச் சமன் செய்வது அவள் பொறுப்பு. முன்பு செய்துவந்த கிழவர் ஆறு வருஷத்துக்கு முன் கண்ணை மூடியபோது, ஊரே கூடி அவளிடம் அதை ஒப்படைத்தது. வாங்குகிற வீட்டுக்குத் தெரியாமல் ஊற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். குறைந்த வீடு கூச்சப்படக் கூடாதாம். அதனால் ஊர் எழுவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவாள்.

பங்கக்கா அரை டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் கொடுத்தாள். அதற்கு மன்னிப்பும் கேட்டாள். சுவரில் ஒரு படம்: கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"எம்பொண்ணு. ரெண்டு வருஷமாச்சு போயி. பிள்ளையைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணி இல்லாத ஊர்ல எப்படிம்மா இருக்கறதுன்னா. நானும் போன்னுட்டேன். வேற என்ன சொல்ல? தொட்டி மட்டும் வரட்டும், அடுத்த படகுல வந்து நிப்பேன்னு சொல்லியிருக்கா." படத்தை முந்தானையால் துடைத்தாள். "எப்படியும் வந்துரும்ல மேடம், தொட்டி?"

"பாக்கலாம்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. அலுவலகத்தில் பழகிய வார்த்தை, நாக்கிலேயே தயாராக இருக்கும்.

விடியும் நேரத்தில் கூரையில் மழைச் சத்தம். கால் மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. முட்டி வலியில் தூக்கம் கலைந்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பங்கக்கா வாளியும் டம்ளருமாக வீடு வீடாகப் போய், ஒரு பீப்பாயில் மொண்டு இன்னொன்றில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான்கு வீடும் முடிந்தது. பிறகு முற்றத்தின் நடுவே கம்பி வேலி போட்டிருந்த மழைமானியிடம் போனாள். சின்னக் கதவைத் திறந்தாள். புனலைத் தூக்கினாள். உள்ளே இருந்த பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றினாள். புனலைத் திரும்ப வைத்து, துடைத்து, கதவைச் சாத்தினாள்.

இன்ஸ்பெக்டரம்மா வெறுங்காலோடு வெளியே ஓடினாள். அந்த முட்டிகள் ஓடிப் பல வருஷமாகியிருந்தது.

"என்ன பண்றீங்க நீங்க?"

பங்கக்கா பதறிப்போனாள். ஆனால் திருடி அகப்பட்ட பதற்றம் இல்லை, கொடுக்கும்போது அகப்பட்ட வெட்கம். "ஐயோ, பாத்துட்டீங்களா? நீங்க பாக்கக் கூடாதுங்களே. உங்க வீடாச்சே!"

"எங்க வீடா?"

"ஆமாங்க, அஞ்சாம் வீடு." வேலியில் தொங்கிய தகரத்தைக் காட்டினாள். நிலைய எண் 5. நான்கு வீட்டுக் கதவுகளிலும் ஒன்று முதல் நான்கு வரை பெயின்டில் எழுதியிருந்தது. "நான் பங்கு பாக்க வந்த வருஷந்தான் உங்க ஆளுங்க வந்து வேலி, கதவு, நம்பர் எல்லாம் போட்டுட்டுப் போனாங்க. கூரைதான் இல்ல, மத்தபடி வீடுதானே? அதுல விழற தண்ணியப் பாத்தா எனக்கே பாவமா இருக்கும், ஒரு வாய்க்குத் தேறாது. சின்ன வீடுன்னு ஒரு டம்ளர் ஊத்துவேன். ஆபீஸ்காரங்க வீடு நம்ம ஊர்ல வறண்டு நிக்கலாமா?"

"மழை பெய்யறப்போ எல்லாமா?"

"பின்ன? விட்டதே இல்ல."

"உங்க கொழுந்தனார் அதை அளந்துட்டு என்ன பண்றாருன்னு தெரியுமா?"

"பப்பாளி மரத்துக்கு ஊத்தறாரு. கொடுத்தா கொடுத்ததுதாங்க. அவங்க அதை என்ன பண்றாங்கன்னு நோண்டக் கூடாது."

இன்ஸ்பெக்டரம்மா வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த டம்ளர் அளவு தண்ணீர் பாட்டிலில் சேர்ந்தால் பத்து மில்லிமீட்டர் மழை. வருஷத்துக்கு எழுபது, எண்பது மழை நாள். கூடுதலாக நின்ற கணக்கு புள்ளி பிசகாமல் சரியாக வந்தது. மழைக்காரர் ஒரு சொட்டுகூடப் பொய் எழுதவில்லை. இவளும் ஒரு தப்பும் செய்யவில்லை. தான் குடிக்க வேண்டிய தண்ணீரை ஆறு வருஷமாக அரசாங்கத்துக்கு ஊற்றி ஊற்றி, உங்கள் ஊரில்தான் தண்ணீர் நிறைய இருக்கிறதே என்ற பதிலை வாங்கியிருக்கிறாள். அந்தப் பதிலால் பெற்ற மகளையே படகேற்றியிருக்கிறாள். இதை இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லத் தெம்பில்லை.

"இனிமே ஊத்தாதீங்க. விதிப்படி கூடாது" என்றாள்.

"சரிங்க. ஏன், அதனால யாருக்காவது கெடுதலா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

பதினான்கு நிலையங்களைப் பூட்டியபோதும் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. இதுதான் முதல்.

எட்டரைக்கு மழைக்காரர் வந்து பாட்டிலை எடுத்தார். படகு நாள் என்பதால் ஏழு பேரும் முற்றத்தில்தான் இருந்தார்கள். அளவுக் கண்ணாடியில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்து, "பதினேழு" என்றார்.

பங்கக்கா கழுவின டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றாள். "ஏன் தம்பி, தொட்டி கேட்டா போதிய மழைங்கறாங்களே, அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதோ, இந்த நம்பரை வச்சுத்தான் அண்ணி. வருஷத்துக்கும் கூட்டிப் பாப்பாங்க."

அவள் டம்ளரைப் பார்த்தாள். ஆறு வருஷமாகக் கூட்டிக் கழித்துப் பங்கு பிரித்தவள். பிறகு இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்து, "இந்த டம்ளருக்கு எவ்வளவு வரும் மேடம்?" என்றாள்.

இன்னொரு பொய் வாய் வரை வந்தது; விழுங்கிவிட்டாள். "பத்து."

"அப்போ இந்தப் பதினேழுல பத்து நான் ஊத்தினதா?"

"ஆமா."

மழைக்காரருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் கத்தினார். "அண்ணி! ஆறு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லிட்டு ஊத்தினா அது பங்கா தம்பி?" என்றாள் பங்கக்கா. குரல் அடியோடு இறங்கிவிட்டது. "மேடம், அப்போ எம்பொண்ணு ஊரை விட்டுப் போனது என்னாலதானா?"

எல்லோரும் இன்ஸ்பெக்டரம்மாவின் வாயைப் பார்த்தார்கள். கரையில் படகுக்காரர் சங்கை ஊதினார். அவளுக்கு அந்தப் படகு வேண்டும். உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது. ஒரு வரி எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டால் ஏறிவிடலாம்.

"பாதி உங்களால" என்றாள். "மீதிப் பாதி எங்களால. ஆறு வருஷமா நம்பர் அதிகமா வருதேன்னு ஒருத்தர் வந்து எட்டிப் பாத்திருந்தா, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நாங்க யாரும் வரல. இப்பவும் மூடத்தான் வந்தேன்."

அவளே தொடர்ந்தாள். சலித்துக்கொண்டேதான் சொன்னாள்: "முப்பது நாள் நான் இங்கயே இருந்து அளந்தா, பழசைத் திருத்திடலாம். நிலையமும் இருக்கும், தொட்டிக்கும் வழி பிறக்கும். ஆனா எனக்கும் குடிக்கத் தண்ணி வேணுமே. உங்களுக்கே பத்தல, இதுல நான் வேற."

"அஞ்சாம் வீட்டுப் பங்கு இருக்கே" என்றாள் பங்கக்கா. "அதைத்தான் இனிமே ஊத்தக் கூடாதே. நீங்க குடிங்க."

மழை நாளுக்கு ஒரு டம்ளரில் ஒரு ஆள் உயிர் வாழ முடியாது. மீதி அந்த ஏழு பேரின் பீப்பாயிலிருந்துதான் வர வேண்டும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அவமானமாக இருந்தது. படகுக்காரரிடம் அடுத்த மாதம் வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, ஊரில் இருக்கும் தன் வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். படகு கிளம்புவதைப் பார்க்கப் போகவில்லை. பார்த்தால் ஓடிப் போய் ஏறிவிடுவோமோ என்ற பயம்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வானம் வெளுத்துக் கிடந்தது. பங்கக்கா சமைத்தாள், துவைத்தாள், யாரிடமும் அதிகம் பேசவில்லை. மகளின் படம் இருந்த சுவர்ப் பக்கம் திரும்பாமலே வீட்டுக்குள் நடமாடினாள். நான்காம் நாள் விடியலில் மழை வந்தது. போன தடவையைவிட அதிக நேரம் தூறியதால், நன்றாகவே பெய்ததாகத்தான் எல்லோருக்கும் தோன்றியது. பங்கக்கா நான்கு வீட்டையும் முடித்துவிட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றாள். கை பழக்கத்தில் டம்ளரைக் கொண்டுவந்திருந்தது. எட்டரை வரை அங்கேயே நின்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாட்டிலை எடுத்தாள். கண்ணாடியில் ஊற்றினாள். அடியில் கொஞ்சம்போல் நின்றது.

"எவ்வளவுங்க?"

"மூணு."

"மூணா? அவ்வளவு நேரம் பெஞ்சுதே! சரியாப் பாருங்க."

அவள் கண்ணாடியையே பங்கக்காவின் கையில் கொடுத்தாள். பங்கக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா நமக்குப் பெஞ்சிட்டிருந்தது?" என்றாள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்து, மகள் போன அன்றுகூட அழாதவள் வாய்விட்டு அழுதாள்.

மழைக்காரர் நோட்டை விரித்துப் பிடித்தார். இன்ஸ்பெக்டரம்மா பேனாவை அழுத்தி, மூன்று என்பதை வேறெதுவாகவும் யாரும் படித்துவிட முடியாதபடி எழுதினாள்.