நாற்பத்தோராம் பக்கம்

தூக்கத்தைப் பற்றிய அந்தப் புதுப் புத்தகம் கடைக்கு வந்த ஒரே வாரத்தில், அதை நாற்பத்தோராம் பக்கம் வரை படித்த இருநூற்றுப் பதினாறு பேர் எட்டு மாதத்துக்குத் தூங்கிப்போனார்கள். மனிதன் ஒரு நாளில் எட்டு மணி நேரம் தூங்குகிறான் என்று வரவேண்டிய இடத்தில், ஓர் ஆண்டில் எட்டு மாதம் என்று அச்சாகியிருந்தது. மேல் வரியில் இருந்த பனிக்காட்டு அணிலின் கணக்கு அது. தட்டச்சு செய்தவரின் கண் ஒரு வரி தாவிவிட்டது.

பிழை பார்த்தவருக்கு அச்சகத்தில் புள்ளிக்காரர் என்று பெயர். முப்பது வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூட விட்டதில்லை. எழுத்தைப் பார்ப்பார், விஷயத்தைப் பார்க்க மாட்டார். விஷயத்தில் இறங்கினால் வேலை ஓடாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதம் என்பதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்தும் அவருக்கு மட்டும் தூக்கம் வராததற்கும் விஷயத்தில் இறங்காததுதான் காரணம். ஊரார் போகட்டும், பெற்ற பெண்ணே தூங்கிவிட்டாளே, அதை எங்கே போய்ச் சொல்வது! எட்டாம் வகுப்பு. எறும்பு, மூளை, பாலம் கட்டுவது, எதைப் பற்றிப் புதுப் புத்தகம் வந்தாலும் முதல் பிரதி அவளுக்குத்தான். இதையும் அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார்.

பதிப்பாளர் பிழைதிருத்தச் சீட்டு அடித்தார். புள்ளிக்காரர் பசை டப்பாவும் கையுமாக வீடு வீடாகப் போய் ஒட்டினார். இன்னும் படிக்காதவர்கள் தப்பித்தார்கள். தூங்குகிறவர்கள் சீட்டை எப்படிப் படிப்பார்கள்? கட்டிலருகே நின்று உரக்க வாசித்துப் பார்த்தார். ஸ்பூனில் பால் கொடுத்தால் விழுங்கினார்களே தவிர, ஒருவரும் அசையவில்லை. மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அத்தனை பக்கம் பார்த்தீங்களே, என்னதான் எழுதியிருக்குன்னு ஒரு வரி படிக்கக்கூடாதா?" அவர் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

எட்டு மாதம் கழித்து எழுந்த மகளின் கையில் சீட்டைக் கொடுத்தார். இரண்டு முறை படித்துவிட்டு, எட்டு மணி நேரம்தானா என்று சிரித்தாள். நாலு மாதம் ஓடியாடித் திரிந்தாள். போன வருஷம் தூங்கிப்போன அதே தேதி வந்ததும் தலையணையைத் தட்டிப்போட்டுப் படுத்துவிட்டாள். எழுந்த எல்லோரும் அப்படித்தான். முதலில் படித்தது மனசில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது, பின்னால் வந்த திருத்தத்துக்கு இடமில்லை. இரண்டாம் பதிப்பு சுத்தமாக வந்தது, என்ன பிரயோஜனம்! அவளோடு தானும் தூங்கிவிடலாம் என்று பழைய பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பத்துத் தடவை படித்தார் புள்ளிக்காரர். பத்துத் தடவையும் கண் எழுத்தின் மேலேயே ஊர்ந்துவிட்டுத் திரும்பியது.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவளைப் போன்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தனியாகப் பரீட்சை வைக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் படுக்கப்போகும்போது அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுந்திருக்கும்போது நீங்க இருப்பீங்கல்லப்பா?"

"இருப்பேம்மா" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். அவள் அதை அப்படியே நம்பிக் கண்ணை மூடினாள். அவர் போர்வையை இழுத்துவிட்டார். தெருவில் ஒவ்வொரு வீடாக ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள்.